பழைய மின்தேக்கி வாங்குமுன்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஒலிக்கருவிக்குள் இருக்கும் மின்பகு மின்தேக்கியில், அதாவது கடைக்காரர்கள் 'எலெக்ட்ரோலிட்டிக்' என்று கேட்டதும் எடுத்துத் தரும் உருளையில், மின்காப்பாக இருப்பது அலுமினியத் தகட்டின்மேல் மின்சாரத்தால் வளர்க்கப்பட்ட ஆக்சைடு படலம். ஒரு வோல்ட்டுக்கு ஏறத்தாழ 1.4 நானோமீட்டர் தடிப்பு. 350 வோல்ட் உருளையில்கூட அரை மைக்ரோமீட்டர் அளவுதான். தகட்டோடு சேர்த்துச் சுருட்டிய காகிதத்தில் ஊறியிருக்கும் திரவமே எதிர்முனையாக வேலை செய்கிறது. கரோல் போலாக் இவ்வகை மின்தேக்கிக்கு 1896ல் காப்புரிமை கோரிய காலத்திலிருந்து, படலமும் திரவமும் சேர்ந்த அடிப்படை இதுதான். பயன்படுத்தாமல் கிடந்தால் படலம் பலவீனப்படும்; சூட்டில் கிடந்தால் திரவம் உலரும். முதலாவதைப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம், இரண்டாவதைச் சரிசெய்யவே முடியாது. பழைய மின்தேக்கிகளைப் பற்றி நிலவும் தவறான நம்பிக்கைகளில் பல, இந்த இரண்டு நோய்களையும் பிரித்துப் பார்க்காததால் வந்தவை.

ஜொகூரில் கூலாய் மாவட்டத்துச் செனாய் போன்ற ஊர்களில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் ஆண்டு முழுதும் பகல் வெப்பம் 32 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். பாட்டி காலத்து வால்வு வானொலியையோ ஜப்பானிலிருந்து வந்த பழைய ஆம்ப்ளிபையரையோ உயிர்ப்பிக்க விரும்புகிறவர், கோலாலம்பூரின் ஜாலான் பாசாரிலும் ஜொகூர் பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரின் சிம் லிம் டவரிலும் பாகம் தேடுகிறார். சிங்கப்பூரின் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10ல் மூடப்பட்ட பிறகு, அங்கே தரையில் விரித்து விற்ற சரக்கைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்கும் வாய்ப்பும் போயிற்று. அதனால் அளந்து பார்க்கத் தெரிந்திருப்பது முன்னைவிட அவசியமாகிவிட்டது.

"பெட்டி பிரிக்காத பழைய சரக்கு புதியதற்குச் சமம்"

சமம் இல்லை. 'நியூ ஓல்ட் ஸ்டாக்' என்று விலை ஏற்றி விற்கப்படும் உருளைகள் வேலை செய்து தேயவில்லை என்பது உண்மை. ஆனால் மின்னழுத்தம் இல்லாமல் கிடக்கும் ஆண்டுகளில் படலத்தின் பலவீனமான இடங்களைத் திரவம் மெல்லத் தாக்குகிறது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் கிடங்கில் இருந்த புதுச் சரக்குக்கே, பொருத்துமுன் 1 கிலோஓம் மின்தடை வழியாக மின்னழுத்தம் கொடுத்துப் பதப்படுத்துமாறு தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். நாற்பது ஆண்டு கிடந்த உருளையை நேராகக் கருவியில் பற்றவைத்து மின்சாரம் கொடுப்பது அதை வெடிக்க அழைப்பதுதான்.

உறை பிரியாத பழைய சரக்கைவிட, வாரந்தோறும் பாடிக்கொண்டிருந்த கருவியிலிருந்து கழற்றிய உருளை பல நேரங்களில் நல்ல நிலையில் இருக்கும். வேலையில் இருக்கும்போது மின்னழுத்தமே படலத்தைத் தொடர்ந்து செப்பனிடுகிறது.

"மல்டிமீட்டரில் மைக்ரோஃபாரட் சரியாக வந்தால் உருளை நல்லது"

அதிகப் பணத்தை வீணாக்கிய நம்பிக்கை இதுவே. கையடக்க மல்டிமீட்டர் ஓரிரு வோல்ட்டில் மட்டுமே சோதிக்கிறது. 350 வோல்ட்டில் உருளை என்ன செய்யும் என்பது அந்த எண்ணில் தெரியாது. போதாக்குறைக்கு, உள்ளே மின்சாரம் கசியும் உருளையைச் சில மீட்டர்கள் உண்மையைவிடக் கூடுதலான மைக்ரோஃபாரட்டாகக் காட்டுகின்றன. 32 என்று அச்சிட்ட பழைய உருளை 45 காட்டினால், 'அந்தக் காலத்தில் தாராளமாகச் செய்தார்கள்' என்று மகிழ்வதற்கு அரைக் காரணம் உண்டு: முன்பு கூடுதல் பக்கம் 50 விழுக்காடு வரை, சில வகைகளில் அதற்கும் மேல், விலகல் அனுமதிக்கப்பட்டது; இன்றைய வழக்கம் 20 விழுக்காடு. மீதி அரைக் காரணம் கசிவாக இருக்கலாம். எது என்று அந்த மீட்டர் பிரித்துச் சொல்லாது.

சோதனையில் மூன்று அளவுகள் வேண்டும். கொள்ளளவு ஒன்று. தொடர்நிலை உள்மின்தடை இன்னொன்று. இதை 'ஈஎஸ்ஆர்' மீட்டர் உயர் அதிர்வெண்ணில் அளக்கிறது. 25 வோல்ட், 100 மைக்ரோஃபாரட் உருளை நல்ல நிலையில் ஒரு ஓமுக்குக் கீழே காட்டும்; பல ஓம் காட்டினால் திரவம் உலர்ந்துவிட்டது, அதைக் காப்பாற்ற வழியில்லை. இந்த மீட்டர் மிகக் குறைந்த மின்னழுத்தத்தில் இயங்குவதால் பலகையிலிருந்து கழற்றாமலே சோதிக்கலாம். பக்கத்தில் இணையாக இன்னொரு உருளை இருந்தால் மட்டும் நல்லது கெட்டதை மறைத்துவிடும்.

மூன்றாவது கசிவு மின்னோட்டம். பலரும் தவிர்ப்பது இதைத்தான். தீர்ப்பு சொல்வதும் இதுதான். இன்றைய பொதுவகை உருளைகளுக்குத் தயாரிப்பாளர்கள் தரும் கணக்கு எளிது: மைக்ரோஃபாரட்டை வோல்ட்டால் பெருக்கி நூறால் வகுத்தால், இரண்டு நிமிடத்துக்குப் பிறகு அனுமதிக்கத்தக்க கசிவு மைக்ரோஆம்பியரில் கிடைக்கும். 100 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் என்றால் 25 மைக்ரோஆம்பியர். மிகச் சிறிய உருளைகளுக்கு 3 மைக்ரோஆம்பியர் என்ற கீழ்வரம்பு உண்டு.

அளக்கத் தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை. உருளையோடு 1 கிலோஓம் மின்தடையைத் தொடராக இணைத்து, நேர் எதிர் முனைகளை இருமுறை சரிபார்த்து, மேசை மின்வழங்கியிலிருந்து மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்ற வேண்டும். மல்டிமீட்டரை மின்தடையின் இருமுனைகளில் வைத்தால் ஒவ்வொரு மில்லிவோல்ட்டும் ஒரு மைக்ரோஆம்பியர். முதலில் எண் பெரிதாக வந்து, பிறகு இறங்கும். இறங்கிக்கொண்டே இருந்தால் படலம் வளர்கிறது என்று பொருள். சோதனையே அப்போது சிகிச்சையாகவும் ஆகிறது. அரை மணி நேரம் கழித்தும் இறங்காமல் நின்றாலோ, உருளை கைக்குச் சூடானாலோ அதை ஒதுக்கிவிடலாம். தயாரிப்பாளர் தரும் வரம்பு 20 டிகிரி செல்சியஸுக்கானது. செனாயின் பகல் சூட்டில் கசிவு சற்றுக் கூடுதலாகவே தெரியும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

வால்வுக் கருவிகளின் உயர் மின்னழுத்த உருளைகளுக்கு 100 கிலோஓம் மின்தடை பொருத்தம். 50 வோல்ட்டில் தொடங்கி, கசிவு இறங்கியபின் அடுத்த படிக்குப் போக வேண்டும். சில உருளைகளுக்கு ஒரு நாள் முழுதும் ஆகும். 350 வோல்ட் கொடுத்தபின் மின்தடையிலேயே 100 வோல்ட் நின்றால் கசிவு 1 மில்லிஆம்பியர். 32 மைக்ரோஃபாரட் உருளைக்கு இன்றைய கணக்குப்படி 112 மைக்ரோஆம்பியர்தான் உண்டு. பழைய சரக்குக்கு இரண்டு மூன்று மடங்கு சலுகை தரலாம். ஒன்பது மடங்கு தரக்கூடாது. முழு மின்னழுத்தத்தில் 1 மில்லிஆம்பியர் என்றால் மூடிய குடுவைக்குள் மூன்றில் ஒரு வாட் வெப்பம் என்று பொருள். அந்த வெப்பம் கசிவைக் கூட்டும், கசிவு வெப்பத்தைக் கூட்டும்.

இந்த வேலை உயிரோடு விளையாடுவது. 50 மைக்ரோஃபாரட்டில் 350 வோல்ட் ஏறியிருந்தால் 3 ஜூல் ஆற்றல் அதில் இருக்கிறது. திருப்புளியால் குறுக்கிட்டு இறக்கும் பழக்கம் முனைகளையும் உருளையையும் கெடுக்கும். 10 கிலோஓம், 5 வாட் மின்தடையைச் சில வினாடி பிடித்தால் போதும். இறக்கியபின் மீட்டரால் பார்ப்பது கட்டாயம். உள்காப்பில் தேங்கிய மின்னூட்டத்தால் உருளை தானாகவே ஓரளவு மீண்டும் ஏறிக்கொள்ளும்.

"உப்பினால் கெட்டது, உப்பாவிட்டால் நல்லது"

முதல் பாதி சரி. தலையில் பெருக்கல் குறிபோல் கீறல் உள்ள உருளைகள் உள்ளே வாயு சேரும்போது அந்தக் கீறலில் உப்பும். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் குறைபாடுள்ள திரவம் அடைத்த பல கோடி உருளைகள் கணினிப் பலகைகளில் இப்படி உப்பி வெடித்ததுதான் இந்த நம்பிக்கையைப் பரப்பியது. ஆனால் மெதுவாக உலரும் உருளை உப்பாது. 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் புகுந்த ஒருவகைத் திரவம் அடிமுத்திரையை அரித்துக் கீழ்வழியே ஒழுகியது. மேலே பார்த்தால் புதிதுபோல் மின்னும். அதனால் 1970களின் ஆம்ப்ளிபையரைவிட 1990ன் கருவி இளையது, எனவே பத்திரமானது என்ற கணக்கும் தவறு.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பிழை நடக்கிறது. பழைய ஜப்பானியக் கருவிகளில் பெரிய உருளையின் அடியில் தெரியும் பழுப்புக் கறை பெரும்பாலும் ஒழுகிய திரவம் அல்ல. ஆலையில் உருளை ஆடாமலிருக்கப் பூசிய பசை. அதற்காக நிம்மதியடைய முடியாது. வெளிர்நிறப் பசை சூட்டில் கருத்தபின் ஈரத்தை உறிஞ்சி மின்சாரம் கடத்தவும், அருகிலுள்ள பாகங்களின் கால்களை அரிக்கவும் தொடங்குகிறது. செனாயின் ஈரக்காற்றில் இதைச் சுரண்டி எடுப்பது உருளையை மாற்றுவதைவிட முக்கியமாகலாம்.

"ஜப்பானில் செய்தது மட்டுமே அசல்"

நிச்சிகோன் நிறுவனத்துக்குச் சிலாங்கூரின் பாங்கியில் ஆலை உண்டு. உலகம் முழுதும் பழுதுபார்ப்போர் தேடி வாங்கும் பானாசோனிக் உருளைகளில் பல மலேசியாவில் செய்யப்பட்டவை. அவற்றை இரண்டாம் தரம் என்று மலேசியரே ஒதுக்குவது வருத்தமான விஷயம். கவலைப்பட வேண்டியது பெயரைத் திருடிய போலிகளைப் பற்றி: சிறிய உருளையைப் பெரிய குடுவைக்குள் வைத்து அடைத்தவை, பழைய உருளைக்குப் புது உறை மாட்டியவை. அதே அளவுள்ள அசலோடு எடையை ஒப்பிட்டால் முதல் வகை அகப்படும். ரூபிகோனின் 'பிளாக் கேட்' வரிசை நின்று ஏறக்குறைய இருபது ஆண்டாகிறது. அதன் பெயரில் அண்மைத் தேதியிட்ட உருளை வந்தால் கேள்வியே வேண்டாம்.

பெயரைவிட உறையில் அச்சிட்ட வெப்பநிலைக்கு மதிப்புத் தர வேண்டும். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்பது இத்துறையின் விதி. 85 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று அச்சிட்ட உருளை, கருவிக்குள் 55 டிகிரி நிலவினால் 16,000 மணி நேரம் தாங்கும். நாளுக்கு நான்கு மணி நேரம் கேட்டால் சுமார் 11 ஆண்டு. அதே 2,000 மணி நேரம் அச்சிட்ட 105 டிகிரி உருளைக்குக் கணக்கு சுமார் 44 ஆண்டு என்று வரும். ஆனால் ரப்பர் முத்திரை முதுமையடைவதால் தயாரிப்பாளர்கள் 15 ஆண்டுக்கு மேல் உறுதி சொல்வதில்லை.

"கொள்ளளவைக் கூட்டினால் ஒலி கனக்கும்"

மின்வழங்கிப் பகுதியில் ஓரளவு கூட்டினால் இரைச்சல் குறையும். வால்வு மின்திருத்தி உள்ள கருவியில் அதற்கு வரம்பு இருக்கிறது: ஜிஇசட்34 வால்வுக்கு முதல் உருளை 60 மைக்ரோஃபாரட்டைத் தாண்டக்கூடாது. 32 இருந்த இடத்தில் 220 போட்டால் இயக்கும் ஒவ்வொரு முறையும் வால்வு அடி வாங்கும். வோல்ட் அளவைக் கூட்டுவதில் தீங்கு இல்லை.

"எல்லா உருளையையும் ஒரே நாளில் மாற்றிவிட வேண்டும்"

அப்படிச் செய்தபின் கருவி பாடாவிட்டால், பழைய பிழை எது, புதிதாகப் புகுந்தது எது என்று பிரிக்க முடியாது. வால்வுக் கருவியில் வெளியீட்டு வால்வு சிவந்து எரிவதற்குப் பெரும்பாலும் காரணம் மின்பகு உருளையே அல்ல; முந்தைய கட்டத்தையும் வெளியீட்டு வால்வையும் இணைக்கும் மெழுகுக் காகித மின்தேக்கி. அதைச் சோதிக்காமல் மாற்றிவிடலாம். ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் இருக்கும் இருமுனைப்பில்லா உருளைகளை இருமுனைப்புள்ளவற்றால் மாற்றவே கூடாது.

மாற்றி முடித்ததும் பார்க்க வேண்டியது சுவர் மின்சாரம். மலேசியாவின் பழைய 240 வோல்ட் இன்று பெயரளவில் 230 ஆனாலும், பல வீடுகளில் அளந்தால் 240ஐ ஒட்டியே வரும். 220 வோல்ட் முனையில் அமைத்த வானொலி அதில் 9 விழுக்காடு கூடுதலாக வாங்கும். டயோடு மின்திருத்தியும் 250 வோல்ட் சுருளும் உள்ள கருவியில் வால்வுகள் சூடேறுமுன் உருளைக்கு வரும் உச்சம் 354லிருந்து 386 வோல்ட்டாக ஏறும். 350 வோல்ட் உருளை கணநேரம் தாங்க அனுமதிக்கப்பட்ட உச்சமோ 385. எனவே முதலில் டிரான்ஸ்பார்மரை 240 முனைக்கு மாற்றி, 60 வாட் இழைவிளக்கைத் தொடரில் போட்டு இயக்க வேண்டும். விளக்கு ஒருமுறை பளிச்சிட்டு மங்கினால் விளக்கை நீக்கி முழு மின்சாரம் கொடுக்கலாம். பிரகாசமாகவே எரிந்தால் உடனே நிறுத்தி, மின்தேக்கிகளை மின்னிறக்கி, கசிவைத் திரும்ப அளக்க வேண்டும்.