கேஷ் வேனில் துப்பாக்கியோடு ஏறும் தம்பிகளுக்கு

ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம் என்று கம்பெனிகள் பெருகப் பெருக ஏ.டி.எம்.களும் பெருகிவிட்டன. சம்பளம் விழுந்த வாரத்தில் எவ்வளவு நிரப்பினாலும் போதாது. அந்தப் பணத்தோடு போகும் வேனில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பவன்தான் கன்மேன். ராணுவத்திலிருந்து வந்தபின் நானும் பல வருஷம் அந்த வேலை பார்த்தேன். இப்போது மணிமங்கலத்தில் வீட்டோடு இருக்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகள் என்னிடம் சம்பளம், ஓ.டி., பி.எஃப். எல்லாம் விசாரிக்கிறார்கள். வழியில் போலீஸ் நிறுத்தினால் என்ன செய்வது என்று ஒருவனும் கேட்பதில்லை. நீங்கள் கேட்காவிட்டாலும் நான் சொல்லியாக வேண்டும்.

1. நம் நாட்டில் துப்பாக்கி தூக்குவது உரிமை அல்ல, அனுமதி. அமெரிக்காவில் பல மாநிலங்களில் இடுப்பில் பகிரங்கமாகத் துப்பாக்கி செருகிக்கொண்டு கடைவீதிக்குப் போகலாம். போலீஸ் கேட்டால் அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தத்தைச் சொல்லி வாதாடலாம். அந்த வீடியோக்களைப் போனில் பார்த்துவிட்டு இங்கே அதே தோரணையில் பேசாதே. இங்கே 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம். 2016-ம் வருஷ ஆயுத விதிகளோ, பொது இடத்தில் துப்பாக்கியை அதற்கான உறையில் மூடி, உன் கட்டுப்பாட்டில் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும் என்கின்றன. டியூட்டி முடிந்தபின் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு டீக்கடையில் நிற்பது, கல்யாண வீட்டில் மச்சானுக்குக் காட்டுவது எல்லாம் வேண்டாம். கொண்டாட்டத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டால்கூட 2019 திருத்தத்தின்படி 2 வருஷம் வரை சிறை.

2. வேலையில் சேரும் அன்றைக்கே லைசென்ஸைக் கையில் வாங்கிப் படி. இதை மட்டும் நூறு தடவை சொல்வேன். துப்பாக்கி உன்னுடையது என்றால் லைசென்ஸ் உன் பெயரில், நடப்பில் இருக்க வேண்டும். ஏஜென்சியுடையது என்றால், அதைத் தூக்குபவனாக உன் பெயர் அந்த லைசென்ஸில் ஏறியிருக்க வேண்டும். துப்பாக்கியில் பொறித்திருக்கும் எண்ணும் லைசென்ஸ் புத்தகத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று எழுத்தெழுத்தாகப் பார். எந்த ஏரியாவுக்குச் செல்லும் என்று பார். வெளிமாநிலத்தில் வாங்கிய லைசென்ஸ் தமிழ்நாட்டில் செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்க வேண்டும். மேனேஜர் வாயால் சொன்னால் போதாது.

ஜம்மு காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை தகுதியில்லாதவர்களுக்கு 2.78 லட்சத்துக்கும் மேற்பட்ட லைசென்ஸ்கள் கொடுக்கப்பட்டதாக சி.பி.ஐ. விசாரித்தது. அப்படிப்பட்ட புத்தகம் ஒன்று கைமாறி உன் சட்டைப்பைக்கு வந்தால், ரோட்டில் நிற்கப்போவது நீ. முதலாளி ஏ.சி. அறையில் இருப்பார். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியை வைத்திருந்தால் 2 வருஷத்துக்குக் குறையாமல் 5 வருஷம் வரை தண்டனை. மாதச் சம்பளத்துக்காக அந்த ஆபத்தைத் தலையில் ஏற்றிக்கொள்ளாதே. பேப்பர் சரியில்லை என்றால் வேனில் ஏற மாட்டேன் என்று சொல். வேலை போனால் இந்த வட்டாரத்தில் வேறு வேலை கிடைக்கும்.

3. லீவு போட்டவனுடைய துப்பாக்கியை நீ தூக்காதே. உன்னுடையதை அவனுக்குக் கொடுக்காதே.

4. நிறுத்தினால் முதலில் வாய் பேசட்டும், கை பிறகு அசையட்டும். படப்பை பக்கம் ஒரு மாலை வாகனச் சோதனை. என்னோடு வந்த புதுப்பையனிடம் எஸ்.ஐ. “லைசென்ஸ்” என்றார். அவன் பதற்றத்தில் துப்பாக்கியையே நீட்டினான். குழல் நேராக அவர் வயிற்றைப் பார்த்தது. பின்னால் நின்ற கான்ஸ்டபிளின் கை சட்டென்று இடுப்புக்குப் போனதைப் பார்த்தேன். “தம்பி, கீழே” என்று நான் சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. சட்டைப்பையிலிருந்து அவன் எடுத்த லைசென்ஸ் புத்தகமோ வியர்வையில் ஊறி, ஸ்டாம்பின் மை அடுத்த பக்கத்தில் பதிந்து, தேதி தெரியவில்லை. அரை மணி நேரம் போனது.

குழல் தரையைப் பார்க்கட்டும், விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். “சார், லைசென்ஸ் சட்டைப்பையில் இருக்கிறது, எடுக்கிறேன்” என்று சொல்லிவிட்டு எடு. துப்பாக்கியைப் பார்க்க வேண்டும் என்றால், “தோட்டாவை எடுத்துவிட்டுத் தருகிறேன் சார்” என்று சொல்லி, குழலை மடித்துத் திறந்து, காலி என்று காட்டிக் கொடு. லைசென்ஸை பிளாஸ்டிக் உறையில் வை. ஏஜென்சியின் போட்டோ அடையாள அட்டை கழுத்தில் தொங்கட்டும்.

5. அவர்களுக்கு என்ன அதிகாரம் என்று தெரிந்துகொள். ஆயுதச் சட்டத்தின் 19-வது பிரிவுப்படி எந்தப் போலீஸ் அதிகாரியும் உன்னிடம் லைசென்ஸ் கேட்கலாம். “என்ன சந்தேகத்தில் கேட்கிறீர்கள்” என்ற கேள்விக்கு இங்கே இடமே இல்லை. காட்ட முடியாவிட்டால் பெயரும் விலாசமும் கேட்பார்கள். தேவைப்பட்டால் துப்பாக்கியை எடுத்துக்கொள்ளலாம். பெயர் சொல்ல மறுத்தாலோ, பொய் விலாசம் கொடுக்கிறாய், ஓடப்பார்க்கிறாய் என்று சந்தேகம் வந்தாலோ வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். அதனால் புத்தகத்தை வீட்டில் மறந்துவிட்ட அன்று முறுக்கிக்கொள்ளாதே. உண்மையான பெயர், உண்மையான விலாசம். வீராப்பினால் கைதாகாதே.

இன்னொன்று, மணிமங்கலம் ஸ்டேஷன் 2022-ல் தொடங்கிய தாம்பரம் ஆணையரகத்தில் வருகிறது. ஸ்ரீபெரும்புதூர் காஞ்சிபுரம் மாவட்ட எஸ்.பி.யின் கீழ். ஒரே டிரிப்பில் எல்லை மாறிவிடும். அங்கே உன்னைத் தெரிந்த ஏட்டு இங்கே இருக்க மாட்டார்.

6. நிறுத்துகிறவர் போலீஸ்தானா? பணம் இருக்கும் வண்டி இது. சீருடையைப் பார்த்ததுமே கதவைத் திறந்துவிடாதே. பெயர், ஸ்டேஷன் கேள். சந்தேகம் இருந்தால் கதவைச் சாத்தியபடியே 112-க்கு அடித்து உறுதி செய்துகொள்கிறேன் என்று மரியாதையாகச் சொல். நல்ல அதிகாரி இதற்குக் கோபப்பட மாட்டார்.

7. துப்பாக்கியை எடுத்துக்கொண்டால் எழுத்தில் வாங்கு. துப்பாக்கி எண், தோட்டா எத்தனை, தேதி, நேரம், அதிகாரி பெயர், கையெழுத்து. தோட்டாக் கணக்கு ஒன்று குறைந்தாலும் பின்னால் உன் தலையில்தான் விழும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-வது பிரிவு, சோதனையையும் பறிமுதலையும் போலீஸ் வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது. “வீடியோ எடுக்கிறீர்களா சார்” என்று கேட்பதில் தப்பே இல்லை.

8. ஸ்டேஷனுக்கு வா என்றால், கைதா, விசாரணையா என்று கேள். கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும். கைதுக் குறிப்பு எழுத வேண்டும், அதில் சாட்சிக் கையெழுத்து வேண்டும், உன் வீட்டுக்குத் தகவல் போக வேண்டும், கைது செய்பவர் பெயர் அட்டை அணிந்திருக்க வேண்டும். 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்தவை இவை. இன்று சட்டத்திலேயே இருக்கின்றன. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 7 வருஷம் வரையிலான தண்டனைக் குற்றங்களுக்கு எடுத்த எடுப்பில் கைது செய்யக்கூடாது என்று 2014-ல் அர்னேஷ் குமார் தீர்ப்பு சொல்கிறது. விசாரணையில் நீ சொல்வதை எழுதிக்கொள்ளலாம், ஆனால் அதில் நீ கையெழுத்துப் போடத் தேவையில்லை. வெற்றுத்தாளில் ஒருபோதும் போடாதே.

2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோயில் காவலாளியாக இருந்த ஒரு பையன், நகைத் திருட்டுப் புகாரில் விசாரணைக்குக் கொண்டுபோகப்பட்டுப் போலீஸ் பிடியிலேயே இறந்தான். போலீஸ்காரர்கள் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. அவனும் நம்மைப் போலக் காவல் வேலை பார்த்தவன். அந்தச் செய்தி வந்த நாள் முதல் எனக்கு இந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் கவலை. வக்கீல் வைக்கக் காசில்லை என்று சும்மா இருந்துவிடாதே. 15100 இலவசச் சட்ட உதவி எண். காவலில் இருப்பவனுக்கு வருமானம் பார்க்காமல் வக்கீல் தர வேண்டும் என்பது சட்டம்.

9. தேர்தல் அறிவித்தால் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். பேங்க் பணத்துக்குப் பாதுகாப்புப் போகிறவர்களுக்கு விலக்கு உண்டு; அந்த விலக்குக் கடிதம் வண்டியில் இருக்க வேண்டும், ஆபீஸ் பீரோவில் அல்ல. எந்த பேங்க் பணம், எவ்வளவு, என்ன நோட்டு என்ற விவரமும் வேண்டும். பறக்கும் படை எண்ணிப் பார்க்கும்.

10. நேரம். 2018-ல் மத்திய உள்துறை போட்ட விதிப்படி, நகரத்தில் இரவு 9 மணிக்குப் பிறகும் கிராமத்தில் மாலை 6 மணிக்குப் பிறகும் ஏ.டி.எம்.மில் பணம் நிரப்பக்கூடாது. வண்டியில் ஆயுதக் காவலர் 2 பேர் இருக்க வேண்டும். ஒருவனை வைத்தே ஓட்டப்பார்ப்பார்கள். இருட்டிய பிறகு தனியாக நிற்கும் கன்மேனைப் போலீஸ் சந்தேகப்படுவது இயற்கை.

11. ஸ்டேஷனில் போனை வாங்கி வைத்துவிட்டால் மனைவி நம்பர்கூட நினைவுக்கு வராது. வீடு, பிராஞ்ச் மேனேஜர், தெரிந்த வக்கீல், 15100 — இந்த நான்கையும் ஒரு துண்டுக் காகிதத்தில் பேனாவால் எழுதி, லைசென்ஸோடு அதே பிளாஸ்டிக் உறையில் வை.