பஸ் வரும் வரை

அக்குறணையிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து கண்டி நகருக்கு ஏறத்தாழப் பத்து கிலோமீற்றர். போயா தினத்தில் அரை மணி நேரத்தில் போய்விடலாம். பாடசாலை நாளிலோ அதே தூரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் எடுக்கும்.

உயர்தரப் புவியியல் பாடத்தில் 'வாழ்க்கைத் தரம்' பற்றிப் படித்தபோது வருமானம், சுகாதாரம், கல்வி, வீட்டு வசதி என்று குறித்துக்கொண்டேன். இவற்றைச் சென்றடைய ஒரு வழியும் வேண்டும் என்பது பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போதுதான் புரிந்தது.

கண்டி, மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு. பேராதனை, கட்டுகஸ்தோட்டை, தென்னகும்புர பக்கங்களிலிருந்து வரும் சில வீதிகளே பெரும்பாலான வாகனங்களைச் சுமக்கின்றன. 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்ட நகரம் இது. பழைய கட்டடங்களை இடித்து வீதிகளை அகலமாக்கிவிட முடியாது. காற்றோட்டம் குறைந்த காலைகளில் வாகனப் புகை கலைந்து போகாமல் பள்ளத்தாக்கிலேயே தங்குகிறது. ஆகவே நெரிசலால் நேரம் மட்டுமன்றி, உடல்நலமும் கெடுகிறது.

வத்தேகமயில் இருக்கும் என் சாச்சியின் மகளும் கண்டியில்தான் படிக்கிறாள். 1867இல் கண்டிக்கு வந்த புகையிரதப் பாதை, 1880இல் கட்டுகஸ்தோட்டை, வத்தேகம ஊடாக மாத்தளை வரை நீண்டது. அதனால் அவளுக்கு பஸ், புகையிரதம் என்று இரண்டு வழிகள். அக்குறணைக்கு அந்தப் பாதை வரவில்லை. பிங்கா ஓயா பெருகி எங்கள் கடைவீதி நீரில் மூழ்கும் நாளில் எங்களுக்கு மாற்று வழி மிகக் குறைவு.

2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது இந்த வேறுபாடு இன்னும் தெளிவானது. கியூ.ஆர். முறையின் ஆரம்பத்தில் முச்சக்கர வண்டிக்கு வாரத்துக்கு 5 லீற்றர் பெற்றோல்தான். கிளினிக் நாளன்று உம்மம்மாவை அழைத்துச் செல்ல வாப்பா மூன்று வீடுகளில் வாகனம் கேட்டு அலைந்தார். கையில் பணம் இருந்தும் வைத்தியசாலை அன்று தூரமாகிப் போனது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் அயலில் ஒரு ராத்தா, கண்டியில் மாலை நேரப் பிரத்தியேக வகுப்புக்குச் சென்றுவந்தார். வகுப்பு முடியும்போது மஃரிப் ஆகிவிடும். நெரிசலான பஸ்ஸில் இருட்டில் தனியாக வருவதைப் பெற்றோர் விரும்பவில்லை. தினமும் முச்சக்கர வண்டிக்குக் கொடுக்கப் பணமும் இல்லை. வகுப்பு நின்றது, அவர் விஞ்ஞானப் பிரிவையும் விட்டுவிட்டார். திறமைக் குறைவால் விட்டதாகவே ஊர் பேசியது. அது உண்மையன்று.

தமிழ்நாட்டில் 2021 முதல் அரசாங்கத்தின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். நமது நாட்டிலும் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் 'சிசு செரிய' சேவையும் மாணவர் பருவச்சீட்டும் எத்தனையோ குடும்பங்களின் சுமையைக் குறைக்கின்றன. கண்டி குட்ஷெட் பகுதியில், புகையிரத நிலையத்துக்கு அருகே, உலக வங்கிக் கடனுதவியுடன் பல்வகைப் போக்குவரத்து முனையம் திட்டமிடப்பட்டது. பஸ்ஸிலிருந்து புகையிரதத்துக்கு மழையில் நனையாமல் மாற முடிந்தால் அதுவே பெரிய ஆறுதல்.

ஆனால் கட்டடம் மட்டும் போதாது. மாலை வகுப்புகள் முடியும் நேரத்தில் ஒரு பஸ், வெளிச்சமுள்ள தரிப்பிடம், வயதானவர்கள் நடக்கக்கூடிய நடைபாதை ஆகியவையும் வேண்டும். பெற்றோரும், ஒரு பிள்ளைக்கு ஒரு வாகனம் என்றில்லாமல், அயல் பிள்ளைகளைச் சேர்த்து ஒரே வானில் அனுப்பலாம். வீதியில் வாகனமும் குறையும், செலவும் குறையும்.

இவ்வருடம் நான் அதே மாலை வகுப்புக்குப் போகிறேன். எங்கள் ஒழுங்கையில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு வான் பேசியிருக்கிறோம். அந்த ராத்தாவின் தங்கையும் எங்களுடன் வருகிறாள்.