சிவப்புக் கட்டம் எத்தனை?

இந்த மாதம் கம்ப்யூட்டர் பாடத்திலிருந்து ஒரு விஷயம் எழுதுகிறேன். புத்தகத்தைப் பார்த்து எழுதியது இல்லை. எனக்கே நடந்தது, அதனால் மறக்காது.

இடைப்பருவத் தேர்வு முடிந்ததும் எங்கள் வகுப்பின் கணக்கு மார்க்கை எக்செல்லில் ஏற்றினோம். மொத்தம் 38 பேர். பி பத்தியில் பெயர், சி பத்தியில் மார்க். முதல் வரியில் தலைப்பு இருந்ததால் மார்க் எல்லாம் சி2 முதல் சி39 வரை. 35க்குக் கீழே இருந்தால் கட்டம் தானாகவே சிவப்பாக மாறும்படி டீச்சர் முன்னாடியே ஒரு விதி வைத்திருந்தாங்க. இதற்குப் பெயர் கண்டிஷனல் ஃபார்மேட்டிங். நிபந்தனை போட்டு நிறம் மாற்றுவது என்று அர்த்தம்.

"சிவப்பு எத்தனைன்னு எண்ணிச் சொல்லுங்கப்பா, அவங்களுக்கு சாயங்காலம் சிறப்பு வகுப்பு" என்றாங்க டீச்சர். ஸ்கிரீனில் விரலை வைத்து எண்ணினோம். ஒருத்தி 8 என்றாள், ஒருத்தி 10 என்றாள். மறுபடி மெதுவாக எண்ணினால் 9. அந்த 9 பேரில் என் பெயரும் இருந்தது!

நான் அந்தத் தேர்வை எழுதவே இல்லை. அன்றைக்குக் காய்ச்சல், வீட்டில் படுத்திருந்தேன். என் கட்டத்தில் மார்க்கே இல்லை, காலி. ஆனால் சிவப்பு. "நீயும் ஃபெயிலா?" என்று பக்கத்து பெஞ்ச்சில் கேட்டுவிட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. டீச்சரிடம் போய்ச் சொன்னேன். "அப்படியா, அப்ப கம்ப்யூட்டரையே எண்ணச் சொல்லுவோம்" என்று இந்த வாய்பாட்டை அடிக்கச் சொன்னாங்க. (கம்ப்யூட்டரில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடிக்கணும்.)

=கவுண்ட்இஃப்(சி2:சி39,"<35")

விடை 7 என்று வந்தது. கண்ணால் எண்ணினால் 9, கம்ப்யூட்டர் எண்ணினால் 7. இரண்டு பேர் எங்கே போனார்கள்?

ஏன் இந்த வித்தியாசம்?

முதலில் ஒன்று தெரிஞ்சுக்கணும். கவுண்ட்இஃப் நிறத்தைப் பார்க்காது. அதற்குக் கண் கிடையாது. கட்டத்துக்குள் இருப்பதை மட்டும்தான் பார்க்கும். நிறம் என்பது விதி மேலே பூசுகிற பூச்சு. அதனால் நிறத்தை எண்ண வேண்டும் என்றால், நிறத்தைக் கொடுத்த விதி எதுவோ அதையே எண்ணச் சொல்லணும். விதி "35க்குக் கீழ்" என்றால் எண்ணுவதும் "35க்குக் கீழ்". இதுதான் இந்தப் பாடத்தின் உயிர்நாடி.

ஆனால் விதி ஒன்றாக இருந்தும் விடை ஏன் மாறியது? காலிக் கட்டம்தான் காரணம். நிறம் பூசும்போது எக்செல் காலிக் கட்டத்தை 0 என்று எடுத்துக்கொள்கிறது. 0 என்பது 35க்குக் கீழ், அதனால் சிவப்பு. கவுண்ட்இஃப் அப்படி இல்லை. எண் இல்லாத கட்டத்தை "<35" என்ற கணக்கில் சேர்க்காது. தேர்வுக்கு வராதவர்கள் 2 பேர், நானும் இன்னொரு மாணவனும். 7 + 2 = 9. கணக்கு சரியாகிவிட்டது.

அடுத்து இன்னும் இரண்டு வாய்பாடு போட்டோம்.

=கவுண்ட்இஃப்(சி2:சி39,">=35") விடை 29
=கவுண்ட்பிளாங்க்(சி2:சி39) விடை 2

7 + 29 + 2 = 38. வகுப்பில் மொத்தம் எத்தனை பேரோ அதே எண். இப்படிக் கூட்டிப் பார்த்து மொத்தம் சரியாக வந்தால்தான் நம்பணும் என்று டீச்சர் சொன்னாங்க.

விதியைச் சரி செய்வது எப்படி?

கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் புது விதி என்று போய், வாய்பாடு எழுதும் இடத்தில் இப்படிக் கொடுக்க வேண்டும்.

=ஆண்ட்(சி2<>"",சி2<35)

கட்டம் காலியாக இருக்கக் கூடாது, அதோடு 35க்குக் கீழேயும் இருக்கணும். இரண்டும் உண்மையானால் மட்டும் சிவப்பு. இதைப் போட்டதும் என் கட்டம் வெள்ளையாகிவிட்டது. (அப்பாடா!)

மார்க்குக்குப் பதில் "வரவில்லை" என்று எழுத்தில் அடித்தால் பழைய விதியிலும் சிவப்பு வராது. எழுத்தை எக்செல் எந்த எண்ணையும் விடப் பெரியதாக வைக்கிறது. கவுண்ட்இஃப்பும் அதை எண்ணாது. ஆனால் இதில் ஒரு ஆபத்து உண்டு. மார்க்கையே தெரியாத்தனமாக எழுத்தாக அடித்துவிட்டால் (எண்ணுக்கு முன்னாடி ஒற்றை மேற்கோள் குறி விழுந்தால் போதும்) 20 மார்க் வாங்கினவரும் இரண்டு இடத்திலும் தப்பித்துவிடுவார். அவருக்கு சிறப்பு வகுப்பும் கிடைக்காமல் போகும். அதனால்தான் மொத்தத்தைக் கூட்டிப் பார்ப்பது முக்கியம்.

இரண்டு நிபந்தனை இருந்தால்?

35 முதல் 49 வரை மஞ்சள் நிறம் என்று விதி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது கவுண்ட்இஃப்ஸ். கடைசியில் ஒரு எழுத்து கூடுதல்.

=கவுண்ட்இஃப்ஸ்(சி2:சி39,">=35",சி2:சி39,"<50")

விதியே தெரியாமல் நிறம் மட்டும் தெரிந்தால் என்ன செய்வது? ஃபில்டர் போட்டு நிறத்தின்படி வடிகட்டலாம். எக்செல் 2007 முதல் இந்த வசதி உண்டு. சிவப்பு வரிகள் மட்டும் தெரியும். பிறகு =சப்டோட்டல்(103,பி2:பி39) என்று பெயர் பத்தியை எண்ணினால், கண்ணுக்குத் தெரிகிற வரிகள் மட்டும் கணக்கில் வரும். மார்க் பத்தியை எண்ணக் கூடாது. காலிக் கட்டம் விட்டுப்போய்விடும்.

நம் மாவட்டத்துக்கே நிறம் மாறிய கதை

கொரோனா காலம் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2020 ஏப்ரல் 15 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் நாட்டில் 170 மாவட்டங்களை ஹாட்ஸ்பாட் என்று அறிவித்தது. அதில் நம் திண்டுக்கல்லும் ஒன்று. ஏப்ரல் 30 அன்று புதுப் பட்டியல் வந்தது. நாடு முழுக்க 733 மாவட்டங்கள். சிவப்பு 130, ஆரஞ்சு 284, பச்சை 319. கூட்டிப் பாருங்கள், 733 சரியாக வரும். தமிழ்நாட்டில் அப்போது 37 மாவட்டங்கள். சிவப்பு 12, ஆரஞ்சு 24, பச்சை 1. அந்த ஒரே பச்சை கிருஷ்ணகிரி. திண்டுக்கல் ஆரஞ்சுக்கு வந்திருந்தது.

இரண்டு பட்டியலுக்கும் நடுவில் விதியும் மாறியது. முன்னால் மொத்த நோயாளிகள் எத்தனை, எத்தனை நாளில் இரட்டிப்பாகிறது என்று பார்த்தார்கள். பின்னால் எவ்வளவு பேருக்குப் பரிசோதனை நடக்கிறது என்பது போன்றவற்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். அந்த நிறத்தை வைத்துத்தான் எந்தக் கடை திறக்கலாம், பஸ் ஓடலாமா என்றெல்லாம் முடிவானது. பெரிய எக்செல் ஷீட்டில் நாடே ஒரு கட்டம் கட்டமாக இருந்த மாதிரி. நிறம் மாறினால் நம்ம வாழ்க்கையும் மாறியது.

இன்னொன்று. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழை வரைபடத்திலும் மாவட்டங்களுக்கு நிறம் உண்டு. வழக்கமான மழையை விட 20 முதல் 59 சதவீதம் குறைந்தால் சிவப்பு. 60 முதல் 99 சதவீதம் குறைந்தால் மஞ்சள்! சிவப்புதான் ரொம்ப மோசம் என்று நாமே நினைத்துக்கொண்டு எண்ணினால் தப்பாகிவிடும். அதனால் நிறத்தைப் பார்க்கும் முன்னால் ஓரத்தில் இருக்கிற விதியைப் படிக்கணும்.

உங்களுக்குத் தெரியுமா?

* கம்ப்யூட்டரில் வந்த முதல் புகழ்பெற்ற விரிதாள் விசிகால்க். 1979ல் டான் பிரிக்லின், பாப் ஃபிராங்க்ஸ்டன் என்ற இருவர் உருவாக்கினார்கள்.
* எக்செல் 1985ல் வந்தது. கண்டிஷனல் ஃபார்மேட்டிங் வந்தது எக்செல் 97ல்தான்.

நீங்களே செய்து பாருங்கள்

ஐந்து கட்டங்கள். 34, 35, காலி, "வரவில்லை", 0. விதி "35க்குக் கீழே சிவப்பு" (பழைய விதி). எத்தனை சிவப்பு? கவுண்ட்இஃப் எத்தனை சொல்லும்? விடை தாளின் அடியில்.

கடைசியாக, என் கட்டம் என்ன ஆச்சு என்று சொல்லிவிடுகிறேன். சிறப்பு வகுப்புக்கு 7 பேர், மறுதேர்வுக்கு 2 பேர் என்று டீச்சர் பட்டியலைப் பிரித்துவிட்டாங்க. நாங்கள் இரண்டு பேரும் மறுதேர்வு எழுதினோம். அவன் 52. நான் 33. மார்க்கை அடித்ததும் என் கட்டம் மறுபடி சிவப்பானது. எண்ணிக்கை 7 தானாகவே 8 ஆனது, 29 என்பது 30 ஆனது, காலி 0. 8 + 30 = 38.

இந்தத் தடவை எனக்கு அழுகை வரவில்லை. எழுதாத தேர்வுக்கு வந்த சிவப்பு வேற, எழுதி வாங்கின சிவப்பு வேற. இப்போது தினமும் சாயங்காலம் சிறப்பு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன். வராதவர்களையும் தோற்றவர்களையும் ஒரே நிறத்தில் எண்ணாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி, சேவுகம்பட்டி

(விடை: சிவப்பு 3. அவை 34, காலி, 0. கவுண்ட்இஃப் சொல்வது 2. அவை 34, 0. முட்டை வாங்கினாலும் அது ஒரு மார்க்குதான், காலி இல்லை!)