மரை போனால் மீட்பதா, மாற்றுவதா?

அதியன்னூர்

அன்புள்ள மக்களே,

உன் கடிதம் கிடைத்தது. தனுவச்சபுரம் ஐ.டி.ஐ.யில் படிக்கிற உன்னை நம்பி, தோழனின் தங்கை தன் ஏர் ரைபிளைக் கொடுத்திருக்கிறாள். தோளில் அண்டும் கட்டையின் பின்தகடு அலுமினியத் தண்டில் நிற்கிறது, அந்தத் தண்டில் மரை போய்விட்டது, திருகு சும்மா சுற்றுகிறது என்று எழுதியிருக்கிறாய். ஒருவர் புதுப் பாகம் வாங்கச் சொல்கிறார், இன்னொருவர் அரால்டைட் ஊற்றித் திருகை ஒட்டிவிடச் சொல்கிறார், எது சரி என்று கேட்கிறாய். லேத்தோடு காலம் கழித்தவன் என்ற உரிமையில் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பிள்ளையின் விளையாட்டைத் தெரிந்துகொள். 2015 தேசிய விளையாட்டுப் போட்டிக்கென எழும்பிய வட்டியூர்க்காவு ரேஞ்சில் அவள் பழகுவது 10 மீட்டர் ஏர் ரைபிள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக் வரை போனதும் இதே பிரிவில்தான். அதில் பத்துப் புள்ளி தரும் நடுப்புள்ளியின் விட்டம் 0.5 மில்லிமீட்டர். சுடும் குண்டே 4.5 மில்லிமீட்டர். தகுதிச் சுற்றில் 60 முறை சுட வேண்டும், ஒவ்வொரு முறையும் தோளும் கன்னமும் அதே இடத்தில் அமைய வேண்டும். பின்தகடு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் நிலை மாறும், கண் மாறும், குறி மாறும். அதனால் இந்தத் திருகைச் சின்ன வேலை என்று எண்ணாதே.

அரால்டைட் யோசனையை விட்டுவிடு. பின்தகட்டை ஏற்றி இறக்கத்தான் அந்தத் திருகு இருக்கிறது. ஒட்டிவிட்டால் அந்தப் பிள்ளை வளரும்போது கட்டை அவளோடு வளராது.

இனி, மரை ஏன் போனது என்று பார். எஃகுத் திருகு, அலுமினியத் துளை. அடிக்கடி கழற்றி மாட்டும்போது மென்மையான உலோகம்தான் தேயும். திருகு கோணலாக ஏறியிருக்கலாம். தேய்ந்த அலன் கீயால் அழுத்தி முறுக்கியிருக்கலாம். நம் ஊரில் இடவப்பாதி மழையும் உண்டு, துலா மழையும் உண்டு. ஈரமும் கை வியர்வையும் சேர்ந்து அலுமினியத்தை அரித்திருக்கலாம். எல்லாவற்றையும்விட அடிக்கடி நான் காண்பது திருகின் நீளக் குறைவு. பாரத்தில் பாதிக்கு மேல் முதல் மூன்று மரைகளே தாங்கும். ஆனாலும் அலுமினியத்தில் திருகின் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்காவது உள்ளே பிடித்திருக்க வேண்டும். காரணத்தை நீக்காமல் மரையை மட்டும் சரிசெய்தால் அடுத்த சீசனில் அதே வேலை திரும்பி வரும்.

அடுத்து, போனது துளையின் மரையா, திருகின் மரையா என்று பார். புதுத் திருகு ஒன்றைக் கையால் விட்டுப் பார்த்தால் பல நேரம் விடை கிடைத்துவிடும். பிட்ச் கேஜ் வைத்து அளக்காமல் எதையும் முறுக்காதே. இன்றைய ஜெர்மன் ரைபிள்களில் மெட்ரிக் மரை, கோணம் 60 பாகை. பழைய ஆங்கிலேய ஏர் ரைபிள் கையில் வந்தால் எச்சரிக்கையாக இரு. 1841இல் விட்வொர்த் வகுத்த மரையின் கோணம் 55 பாகை. இரண்டும் முதல் சில சுற்றுகள் பொருந்துவதுபோல் ஏறி, பிறகு துளையையே தின்றுவிடும். மரை லேசாகத்தான் நசுங்கியிருக்கிறது என்றால் சரியான டேப்பை எண்ணெய் விட்டு மெல்ல ஓட்டு. அதுவே போதும்.

முழுதாகப் போயிருந்தால் ஹெலிகாயில் வை. எம்6 திருகுக்குத் துளையை ஏறக்குறைய 6.3 மில்லிமீட்டராகப் பெரிதாக்கி, அந்தக் கிட்டில் வரும் தனி டேப்பால் மரை வெட்டி, துருப்பிடிக்காத எஃகுக் கம்பிச் சுருளை உள்ளே சுற்றி இறக்கு. கைட்ரில் வேண்டாம், ட்ரில்லிங் மெஷினில் கட்டி நேராகத் துளையிடு. அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் விடு, சீவலை முழுதும் வெளியேற்று. சுருளின் மேல் முனை மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, கால் சுற்று முதல் அரைச் சுற்று வரை உள்ளே இருக்கட்டும். அடிநாக்கை உடைத்து எடுக்க மறக்காதே. இப்படிச் செய்த மரை பழைய அலுமினிய மரையைவிட வலுவாக இருக்கும். அடிக்கடி கழற்றி மாட்டும் இடத்துக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

மரக்கட்டையில் திருகு பிடிக்காவிட்டால் முறை வேறு. தீக்குச்சி செருகாதே. துளையைச் சுத்தமாகப் பெரிதாக்கி, அதே இன மரத்தில் ஒரு முளை கடைந்து, நார் ஓட்டம் கட்டையின் நார் ஓட்டத்தோடு ஒத்துப்போக எபாக்ஸி வைத்து இறக்கு. ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, பித்தளை மரைப் புஷ் பதி. மரம் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். பித்தளைக்குள் ஓடும் திருகு அந்த ஆட்டத்தில் கெடாது.

எப்போது மாற்ற வேண்டும்? துளையிலிருந்து விரிசல் ஓடியிருந்தால் மாற்று. துளையைப் பெரிதாக்கினால் சுற்றிலும் சுவர் மெலிந்துவிடும் என்றால் மாற்று. பாகம் சிறியது, கடையில் எளிதாகக் கிடைக்கும் என்றாலும் மாற்றிவிடு. பெரிய அலுமினியக் கட்டை கடல் தாண்டி வர மாதங்கள் ஆகும், போட்டி அதுவரை காத்திருக்காது என்றால் மீட்பதே அறிவு.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கோடு இருக்கிறது. மரை விட்டால் பொருள் தளரும் என்றால் மீட்கலாம். மரை விட்டால் மனிதன் காயப்படுவான் என்றால் மீட்கவே கூடாது. அந்த ரைபிளின் காற்றுச் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் இருக்கும். லாரி டயரில் இருப்பதைப் போல் இருபது மடங்குக்கு மேல். சிலிண்டரிலும் அதன் வாயிலும் உள்ள மரையில் டேப்பும் வேண்டாம், டையும் வேண்டாம், சுருளும் வேண்டாம். அதன்மேல் தேதி பொறித்திருக்கும். ஜெர்மன் தயாரிப்பாளர்கள் பொதுவாகப் பத்தாண்டுதான் ஆயுள் சொல்கிறார்கள். தேதி கடந்த சிலிண்டரைப் போட்டியில் பயன்படுத்த சர்வதேசத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பின் விதியும் விடாது. கட்டையில் கைவைக்கும் முன் குழலில் குண்டு இல்லை என்று பார்த்து, சிலிண்டரைக் கழற்றி அந்தப் பிள்ளையிடமே கொடுத்துவிடு.

வெடிமருந்துத் துப்பாக்கி எதையாவது ஒருவர் கொண்டுவந்தால், ஒரு திருகு மாட்டத்தான் என்று சொன்னாலும் தொடாதே. 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டும். உரிமம் உள்ள கடைக்கு அனுப்பு. பழக்கம், உறவு, அவசரம் எதுவும் அங்கே காரணம் ஆகாது.

மாட்டும்போது எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதைக் கைக்கணக்கில் விடாதே. தயாரிப்பாளரின் கையேட்டில் அளவு இருக்கும், டார்க் ஸ்பேனரை வைத்து அதன்படி முறுக்கு. தேய்ந்த அலன் கீயை அன்றே தூக்கிப் போடச் சொல். திருகைப் பின்னோக்கிச் சுற்றி, மரை விழும் சத்தம் கேட்டபின் முன்னோக்கிச் சுற்றும் பழக்கத்தை அந்தப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடு. பழுது பார்ப்பவன் செய்யும் வேலையில் பாதி, அது மறுபடி பழுதாகாமல் இருக்கக் கற்றுக் கொடுப்பதுதான்.

நல்ல கைவேலைக்காரனை உலகம் அவன் சரிசெய்தவற்றால் மட்டும் அளப்பதில்லை, இதைச் செய்யமாட்டேன் என்று மறுத்தவற்றாலும் அளக்கிறது. மீட்கக்கூடியதை மனம் வைத்து மீட்டுக் கொடு மக்களே, கூடாததைத் தயங்காமல் மறுத்துவிடு.

அன்புடன்,
உன் மாமா