வெள்ளை விளையாட்டு ஷூவுக்கு எந்தப் பாலிஷ்?

பள்ளி விளையாட்டு விழா நெருங்கினால் நம் மளிகைக் கடைகளில் ஷூ பாலிஷுக்குத் திடீர் கிராக்கி வந்துவிடும். "ஸ்போர்ட்ஸ் ஷூவுக்கு ஒரு பாலிஷ் கொடுங்க" என்றதும் கைக்கு எட்டிய டப்பாவை எடுத்து நீட்டும் கடைகள் உண்டு. தகராறு அங்கேதான் ஆரம்பம். விலை உயர்ந்த ஷூவில் கறை படிந்தால் பழி டப்பா விற்றவர் மேல்தான் விழும்.

டப்பாவில் வரும் மெழுகு பாலிஷ் பூட்ஸுக்கென்று வந்த பொருள். 1906இல் மெல்போர்ன் நகரில் வில்லியம் ராம்சே கொண்டுவந்த 'கிவி' பாலிஷ், முதல் உலகப் போரில் சிப்பாய்களின் பூட்ஸ் வழியாகத்தான் பல நாடுகளுக்கும் பரவியது. வழவழப்பான கறுப்பு, பழுப்புத் தோலுக்கு அது சரி. வெள்ளைத் தோலுக்கு வெள்ளை அல்லது நிறமற்ற கிரீம்தான் வேண்டும். வெல்வெட் போல் சொரசொரப்பான தோலில் மெழுகு பட்டால் அழகு கெட்டது; பிரஷ் மட்டும் போதும். ரெக்ஸினுக்கு ஈரத்துணியே போதும். ஆகவே, "என்ன நிறம், தோலா ரெக்ஸினா?" என்று கேட்ட பிறகே அலமாரிப் பக்கம் திரும்புவோம்.

ஆம்பூர், வாணியம்பாடியில் தோல் பதனிடும்போது அது விறைக்காமலிருக்க எண்ணெய்ச் சத்து ஏற்றுகிறார்கள். சலவைத் தூளில் ஊறவைத்தால் அந்தச் சத்து வெளியேறும். பிறகு வெயிலில் காயவைத்தால் மடிப்பில் வெடிக்கும். நம் மாவட்டத்துச் செம்மண் வெள்ளை ஷூவில் ஒட்டினால் உடனே தண்ணீர் ஊற்றித் தேய்க்கக் கூடாது. தையலுக்குள் செம்மண் இறங்கிவிடும். காயவிட்டு, பிரஷால் தட்டி, சோப்பு நனைத்த ஈரத்துணியால் துடைத்து, மறுபடி வெறும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். உள்ளே வெள்ளைத் தாள் திணித்து நிழலில் உலர்த்தலாம். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். நன்கு உலர்ந்தபின் கிரீமைக் கொஞ்சமாகத் தடவி, பத்து நிமிடம் கழித்துப் பருத்தித் துணியால் தேய்த்தால் பளபளப்பு வரும். தேங்காய் எண்ணெய் பூசினால் அன்றைக்கு மினுங்கும். மறுநாள் தெருப் புழுதியெல்லாம் அதில்தான்!

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெட்டிக்குள் பூட்டிய தோலில் பூசணம் பிடிக்கும். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இன்னும் கவனம் தேவை. பாலிதீன் பையில் கட்டாமல் காற்றாட வைக்கச் சொல்லுங்கள்.

இனி நம் சரக்கு. டப்பா மூடி தளர்ந்தால் உள்ளிருக்கும் கரைப்பான் ஆவியாகி, பாலிஷ் காய்ந்து பாளம்பாளமாக வெடிக்கும். வெயில் விழும் முன் அலமாரி இதற்கு ஆகாது. எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் சாமி விளக்குப் பக்கமும் ஆகாது. தேயிலைத் தூள் அருகில் வைத்தால் தூளெல்லாம் பாலிஷ் வாடை அடிக்கும். வெள்ளை கிரீம் விழாச் சமயத்தில்தான் ஓடும், அளவாக எடுங்கள். இறுகிப்போனதைத் திரும்ப எடுப்பாரா என்று ஏஜென்டிடம் பில் போடுமுன் பேசிக்கொள்ளுங்கள்.