புள்ளி காணாமற்போன கதை

முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளி ஆசிரியனாக இருந்து, மெய்யெழுத்தின் தலையில் புள்ளி வைக்க மறந்த பிள்ளைகளுக்கெல்லாம் தயவு தாட்சண்யமின்றி மதிப்பெண் குறைத்த நான், சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு காலைப்பொழுது, குளுவாங்கில் என் வீட்டு முன்கூடத்தில் கோப்பியும் மடிக்கணினியுமாக அமர்ந்து செய்தி வாசித்தபோது, 'பல் மருத்துவர்கள் வருகிறார்கள்' என்று இருந்ததைப் 'பல மருத்துவர்கள் வருகிறார்கள்' என்று படித்து, அந்தச் சந்தோஷ சமாசாரத்தை அண்டை அயலாருக்கெல்லாம் அறிவித்து, முழங்கால் வலிக்காரர் இருவரை அந்த இலவச முகாமுக்கு அனுப்பியும் வைத்தேன். அவர்கள் பல்லைக் காட்டிவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

கண்புரை ஆரம்பித்திருக்கிறது, அறுவைக்கு இன்னும் காலம் இருக்கிறது என்று வைத்தியர் முன்பே சொல்லியிருந்தபடியால், பழி முழுவதையும் கண்ணின்மேல் சுமத்திவிட்டு, பூதக்கண்ணாடி ஒன்று வாங்கி, வரிக்கு வரி அதை நகர்த்தி வாசித்து ஒரு மாதம் சிரமப்பட்டேன். ஜொகூர் பாருவில் வேலை பார்க்கும் என் பேத்தி, விடுமுறைக்கு வந்தவள், அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, "ஏன் தாத்தா, எழுத்தையே பெரிசாக்கிக்கலாமே?" என்று கேட்டாள்.

எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஏனெனில், 1990களின் இறுதியில் இணையத்தில் தமிழ் வாசிக்கத் தொடங்கிய எங்களுக்கு உலாவியைத் திருத்தியமைப்பது சௌகரியத்துக்கான காரியமாக இருக்கவில்லை. அதுவே அரிச்சுவடியாக இருந்தது. நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் மென்பொருளைக் கணினியில் நிறுவியதோடு வேலை முடிந்துவிடாது. அகப்பக்கம் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருக்கும். அதைத் தரவிறக்கி, உலாவியின் குறியீட்டுப் பட்டியலில் தகுந்ததைத் தேர்ந்து, எழுத்துருவையும் நியமித்தாலன்றி, தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் கொம்பும் வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளே வரிசை கட்டி நிற்கும். ஒருங்குறி வந்து அந்தத் தொல்லையை ஒழித்தது. அதோடு, திரையில் தெரிவதை மாற்றும் அதிகாரம் வாசகனுக்கு உண்டு என்ற நினைவையும் எங்களிடமிருந்து ஒழித்துவிட்டது. இத்தனைக்கும், 1994 அக்டோபரில் ஹோகுன் வியூம் லீ என்ற நார்வேக்காரர் அகப்பக்கங்களுக்கான நடைத்தாள் முறையை முன்மொழிந்தபோதே, எழுதியவரின் விருப்பமும் வாசிப்பவரின் விருப்பமும் கலந்தே தோற்றத்தைத் தீர்மானிக்க வேண்டும் என்ற கருத்து அதில் அடங்கியிருந்தது.

பேத்தி கற்றுக்கொடுத்தது கண்ட்ரோல் விசையோடு கூட்டல் குறியை அழுத்தும் எளிய உபாயம். பூஜ்யத்தை அழுத்தினால் பழைய நிலை திரும்பிவிடும். ஆனால் இது பக்கம் முழுவதையும், படங்களும் விளம்பரங்களும் உட்பட, ஊதிப் பெருக்குவது. ஃபயர்பாக்ஸின் அமைப்புகளில் எழுத்தை மட்டும் பெரிதாக்குவதற்கென ஒரு கட்டம் இருக்கிறது. அதைக் குறித்துவிட்டால் படங்கள் அப்படியே இருக்க, எழுத்து மட்டும் வளர்கிறது. அதைவிட எனக்குப் பெரும் பிரயோஜனம் அளித்தது, அதே பகுதியில் எழுத்துரு என்பதன்கீழ் மேம்பட்ட அமைப்புகளைத் திறந்தால், ஒவ்வோர் எழுத்துமுறைக்கும் தனித்தனியாக எழுத்துருவையும் குறைந்தபட்ச அளவையும் நியமிக்கலாம் என்ற ஏற்பாடு. தமிழைத் தேர்ந்து, புள்ளி பருத்துத் தெரியும் எழுத்துரு ஒன்றை வைத்து, 20க்குக் குறையாமல் அளவைக் குறித்தேன். முதல் நாள் சில பக்கங்களில் பலன் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. பிறகுதான் விளங்கியது: பக்கத்தைப் படைத்தவர் அது தமிழ்ப் பக்கம் என்று உள்ளே குறித்திராவிட்டால், தமிழுக்கு வைத்த அளவை உலாவி கருதாது, ஆகவே லத்தீனுக்கும் 'ஏனைய எழுத்துமுறைகள்' என்பதற்கும் அதே அளவைக் கொடுத்துவைக்க வேண்டும். குரோமில் இவ்வளவு நுட்பம் இல்லை. தோற்றம் என்ற பகுதியில் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே குறைந்தபட்ச அளவுதான்.

வெளிர்சாம்பல் எழுத்தை வெள்ளைப் பின்னணியில் அச்சிடுவது நாகரிகம் என்று யாரோ இக்காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். அத்தகைய பக்கங்களுக்கு நான் ஃபயர்பாக்ஸில் எஃப் 9 விசையை அழுத்தி வாசிப்புத் தோற்றத்துக்குப் போய்விடுகிறேன். விளம்பரம் மறைந்து, எழுத்தின் நிறத்தையும் வரிகளுக்கிடையே உள்ள வெளியையும் நாமே நிர்ணயிக்க முடிகிறது. தமிழுக்கு வரியிடைவெளி சிறிது தாராளமாக இருக்க வேண்டும். இல்லையேல் மேல்வரியின் உகரக் கால்கள் கீழ்வரியின் இகரக் கொக்கியோடு சிக்கிக்கொள்ளும். எட்ஜ் உலாவியோ வாய்விட்டே வாசிக்கும். அதில் மலேசியத் தமிழுக்கென்றே கனி, சூர்யா என இரு குரல்கள் உண்டு. கண் களைத்த மாலைகளில் கேட்கிறேன். ஆனாலும் பின்னோக்கிப் போய் ஒரு வரியை மறுபடி ருசிக்கும் சுகம் காதுக்கு வாய்ப்பதில்லை.

கைபேசியில் நேர்ந்த சங்கடம் வேறு வகையானது. ஓர் அலுவலகத்தின் விண்ணப்பப் பக்கம் இரு விரல்களால் எவ்வளவு விரித்தாலும் விரியவே மாட்டேன் என்று பிடிவாதம் செய்தது; அடையாள அட்டை எண்ணில் 3க்கும் 8க்கும் பேதம் தெரியாமல் இருமுறை நிராகரிக்கப்பட்டேன். 200 விழுக்காடு வரை பெரிதாக்கினாலும் பக்கம் பயன் கெடாமல் இருக்க வேண்டும் என்று 2008இல் வெளிவந்த உலகளாவிய அணுகல் நெறிமுறை சொல்கிறது. அதே ஆண்டு நடைமுறைக்கு வந்த நம் நாட்டு 685ஆம் சட்டம், தகவலை அணுகும் உரிமையை மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்கியிருக்கிறது. சட்டம் துணைக்கு வரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. ஆண்ட்ராய்டு குரோமின் அணுகல்வசதி அமைப்பில், தளம் தடுத்தாலும் பெரிதாக்க அனுமதிக்கும் கட்டம் ஒன்று இருக்கிறது. அதைக் குறித்தவுடன் அந்தப் பிடிவாதக்காரப் பக்கம் பணிந்துவிட்டது.

அடுத்த மாதம் வந்த பேத்தி என் மடிக்கணினியைத் திறந்தவள் திடுக்கிட்டு, "தாத்தா, எதிர்வீட்டு ஆளுகூட இங்கேருந்து படிச்சிருவாரு போலிருக்கே!" என்றாள். இப்போது அதே உலாவியில் அவள் பெயருக்குத் தனிக் கணக்கு ஒன்று திறந்து வைத்திருக்கிறேன். அதில் எழுத்துகள் எறும்பாகவே ஊர்ந்துகொண்டிருக்கின்றன.