லேப் குட்டி 15,000 ரூபாய்தானா? கணக்கைப் போட்டுட்டு வாங்குங்க

"லேப்ரடார் குட்டி 15 ஆயிரத்துக்குக் கிடைக்குது, வாங்கலாமா சார்?" இந்தக் கேள்விக்கு வீடியோவுல ரெண்டே நிமிஷத்துல பதில் சொல்லிட்டுப் போயிட்டேன். அது பத்தாது. இங்க கணக்கோட எழுதறேன்.

முதல்ல நான் பண்ணின தப்பு. 2021-ல பொண்ணு அடம்பிடிச்சான்னு 12,000 ரூபாய்க்கு ஒரு லேப் குட்டி வாங்கினேன். 40 நாள் குட்டின்னு சொன்னாங்க. "தடுப்பூசி கார்டு அப்புறம் அனுப்பறேன்"னு வித்தவர் சொன்னார், நானும் தலையாட்டிட்டேன். நாலாவது நாள் வாந்தி, அப்புறம் ரத்தமா பேதி. பார்வோ வைரஸ். தினமும் கிளினிக், டிரிப்ஸ், ஊசி. ஏழாவது நாள் குட்டி போயிடுச்சு. சிகிச்சைக்கு மட்டும் 9,300 ரூபாய் ஆச்சு. பணத்தை விடுங்க, பொண்ணு ரெண்டு வாரம் சரியா சாப்பிடலை. ஆபீஸ்ல ஒரு வவுச்சர் குறைஞ்சாலும் கையெழுத்து போடாத ஆளு, ஒரு கார்டைப் பார்க்காம யுபிஐ-ல பணம் அனுப்பியிருக்கேன்!

எட்டு வாரம் ஆகாத குட்டியை விக்கக் கூடாது. நாய் இனப்பெருக்கம், விற்பனைக்கான 2017-ம் வருஷத்து மத்திய அரசு விதியே அதைச் சொல்லுது. விக்கிறவர் மாநில விலங்குகள் நல வாரியத்துல பதிவு பண்ணியிருக்கணும், தடுப்பூசி பதிவையும் கையோட தரணும். "கென்னல் கிளப் பேப்பர் இருக்கு சார்"னு சொல்வாங்க. அது வம்சாவளிக்கான சான்று, ஆரோக்கியத்துக்கு இல்லை. முடிஞ்சா தாய் நாயை நேர்ல பாருங்க. காட்ட மாட்டேன்னா திரும்பி வந்துடுங்க.

இப்ப கணக்கு. வளர்ந்த லேப் சுமார் 30 கிலோ. சென்னையில ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு நான் போடற தோராய பட்ஜெட் இது. சாப்பாடு மாசம் 3,500, அதாவது வருஷத்துக்கு 42,000. தடுப்பூசி, பூச்சி மருந்து, செக்கப் எல்லாம் சேர்த்து 5,000. உண்ணிக்கான மாத்திரை 7,200. ஊருக்குப் போறப்ப பத்து நாள் போர்டிங் 7,000. ஷாம்பு, பெல்ட்னு சில்லறைச் செலவு 4,000. மொத்தம் 65,200. லேப் 11 வருஷம் இருக்கும்னு வச்சு, விலைவாசி வருஷம் 6 சதவீதம் ஏறும்னு போட்டா, சுமார் 9 லட்சத்து 76 ஆயிரம் வருது. குட்டிக்குக் கொடுத்த 15 ஆயிரம் இதுல நூத்துக்கு ஒண்ணரை ரூபாய்தான். அதுல பேரம் பேசி 2,000 குறைச்சேன்னு சந்தோஷப்படறது வேஸ்ட். எந்த இனம்ங்கறதுலதான் பணமே இருக்கு.

ஹஸ்கியை எடுத்துக்கோங்க. சைபீரியக் குளிருக்கான இரட்டை ரோமம் அதுக்கு. என் கிளையண்ட் ஒருத்தர் வீட்ல அதுக்காகவே ஏசி தினமும் 8 மணி நேரம் கூடுதலா ஓடுது. மணிக்கு ஒரு யூனிட், யூனிட் 8 ரூபாய்னு வச்சாலே மாசம் 1,920. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வர்ற பில்லுல ஸ்லாப் ஏற ஏற இது இன்னும் கூடும். முடியை மொட்டையடிச்சா சூடு குறையும்னு சிலர் நினைக்கிறாங்க, பண்ணாதீங்க. வெயில்ல இருந்து தோலைக் காப்பாத்தறதே அந்த ரோமம்தான். சென்னைக்கு ஹஸ்கி வேண்டாம்ங்கறது என் கருத்து. பக் நாய்க்கு வேற பிரச்சனை. சப்பை மூக்கு, மூச்சு விடவே சிரமம். சித்திரை வெயில்ல மதியம் வாக்கிங் கூட்டிட்டுப் போனா ஹீட் ஸ்ட்ரோக்ல கொண்டு போய் விடும்.

லேப்ல ஒரு விஷயம். நாலுல ஒரு லேப்புக்குப் பசியை அதிகமாக்கற ஒரு மரபணு மாற்றம் இருக்குன்னு கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடிச்சிருக்காங்க. அது பரிதாபமா பார்த்தா உடனே பிஸ்கட் போடாதீங்க. எடை கூடினா இடுப்பு மூட்டு போகும், ஆபரேஷன் செலவு பெருசு. அளந்து போட ஒரு கப் வாங்குங்க, ஐம்பது ரூபாய். லேப்புக்கு இதைவிட மலிவான இன்சூரன்ஸ் கிடையாது.

நிஜ பெட் இன்சூரன்ஸும் இருக்கு. எடுக்கறதுக்கு முன்னாடி எத்தனை வயசு வரைக்கும், பரம்பரை நோய் கவர் ஆகுமான்னு படிச்சுப் பாருங்க. வரிச் சலுகை கேட்டு வர்றவங்களுக்கு: 80டி-ல நாய்க்கு இடமில்லை, எவ்வளவு செல்லமா இருந்தாலும். கால்நடை கிளினிக் சிகிச்சைக்கு ஜிஎஸ்டி கிடையாது, பாக்கெட் தீனிக்கு உண்டு. சென்னையில வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில செலவு ரொம்பக் கம்மி. காத்திருக்கணும், அவ்வளவுதான்.

நம்ம ஊர் இனங்கள்? ராஜபாளையம் நாய்க்கு 2005-ல தபால் தலையே போட்டாங்க. கம்பீரம், காவல், வெயில் தாங்கும். ஆனா வேட்டை நாய் அது. ஓட இடம் வேணும், புதுசா வர்றவங்களை லேசுல ஏத்துக்காது. காம்பவுண்ட் வச்ச தனி வீடு இருந்தா தாராளமா வளர்க்கலாம், ரெண்டாவது மாடி ஃபிளாட்டுக்குச் சரிப்படாது. இந்த இனத்துல பிறவியிலேயே காது கேட்காத குட்டிகள் வர்றதுண்டு, அதனால டாக்டர்கிட்ட காட்டிட்டு எடுங்க. சிப்பிப்பாறைக்கும் இதே ஓட்டம்தான்.

பார்வோ வந்த வீட்டுல வைரஸ் பல மாசம் உயிரோட இருக்கும். நாங்க ஒரு வருஷம் காத்திருந்து, தடுப்பூசி முழுசா போட்ட ரெண்டு வயசு நாட்டு நாயைத் தத்தெடுத்தோம். பேரு மணி, 18 கிலோ. வளர்ந்த நாய்ங்கறதால சைஸ் என்ன, குணம் என்னன்னு முன்னாடியே தெரிஞ்சது. குட்டியில அது லாட்டரி. மணிக்கு வருஷச் செலவு சுமார் 44,000. அதே 11 வருஷம், அதே 6 சதவீதத்துல 6 லட்சத்து 59 ஆயிரம். லேப்பை விட மூணு லட்சத்துக்கு மேல கம்மி.

இந்தச் செலவு போக, மாசம் 2,000 ரூபாய் மணி பேர்ல தனி ஆர்.டி.யில போகுது. அவசரத்துக்குன்னே வச்சது, வேற எதுக்கும் தொடறதில்லை. உங்க சம்பளத்துல அந்த 2,000-ஐயும் சேர்த்து ஆறு மாசம் முதல்ல ஒதுக்கிப் பாருங்க, நாய் வராமலேயே. திணறினா இப்ப வேண்டாம். வாடகை வீடுன்னா ஒப்பந்தத்துல நாய் பத்தி எழுதி வாங்கிட்டு அப்புறம் யோசிங்க.

போன மாசம் மணிக்கு உண்ணிக் காய்ச்சல். ரத்தப் பரிசோதனை, மருந்து, மூணு தடவை கிளினிக், 6,850 ரூபாய். கிரெடிட் கார்டை வெளிய எடுக்கவே இல்லை. இப்ப நல்லா இருக்கான், இதை எழுதறப்ப கால் கிட்டதான் படுத்திருக்கான்.